விடுமுறை நினைவுகளும் நரை கூடிய காதலும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, குடும்பத்தோடு சென்ற விடுமுறைப் பயணங்களைப் பற்றித் தொடங்கி, எப்படியோ வாழ்க்கைத் துணையைப் பற்றிய பேச்சில் வந்து முடிந்திருந்தன. இரண்டையும் பிரிக்க முயலாமல், கேள்விகளை அவை வந்த போக்கிலேயே எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: சிறு வயதில் பெற்றோருடன் சென்ற ஒரு கடற்கரைப் பயணத்தைப் பற்றி அக்காவும் நானும் தம்பியும் இப்போது பேசினால், மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறோம். அலையில் செருப்பை இழந்தவன் தான்தான் என்று தம்பி சாதிக்கிறான். செருப்பை விட்டவள் நான். அப்போது அவனுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அவன் பொய் சொல்கிறானா?

பதில்: பொய் சொல்லவில்லை. அவர் நம்புவதைச் சொல்கிறார். பெரியவர்களிடம் அவர்களுடைய முதல் நினைவு எது என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்வது மூன்று வயதையொட்டி, அல்லது அதற்குச் சற்றுப் பின்னால் நடந்த ஒன்றாகவே இருக்கும். அதற்கு முந்தைய காலம் ஏறக்குறைய எல்லோருக்கும் மறந்துபோகிறது. எனவே உங்கள் தம்பியின் மனத்தில் இருக்கும் அலையும் செருப்பும், வீட்டில் அந்தக் கதையைப் பலமுறை கேட்டும் படங்களைப் பார்த்தும் பின்னாளில் உருவானவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நினைவுகூர்தல் என்பது சேமித்து வைத்ததை அப்படியே எடுத்துப் பார்ப்பதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டி எழுப்புவது என்று பிரிட்டன் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-லேயே எழுதினார். 1995-இல் அமெரிக்க ஆய்வாளர் எலிசபெத் லாஃப்டஸும் அவருடைய மாணவியும் ஒரு சோதனை செய்தார்கள். 24 பேரிடம், சிறு வயதில் அவர்களுக்கு உண்மையாகவே நடந்த மூன்று நிகழ்ச்சிகளோடு, கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு கற்பனை நிகழ்ச்சியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர், நடக்காத அந்த நிகழ்ச்சியை முழுமையாகவோ ஓரளவோ தமக்கு நினைவிருப்பதாகச் சொன்னார். குடும்பத்தார் சொன்னதாகக் கேட்டால் மனம் எளிதில் இணங்கிவிடுகிறது.

அடுத்த முறை மூவரும் கூடும்போது, பேச்சைத் தொடங்குவதற்கு முன் ஆளுக்கொரு தாளில் அவரவர் நினைவைத் தனித்தனியே எழுதிவிட்டுப் பிறகு படித்துப் பாருங்கள். பேசத் தொடங்கிவிட்டால் உரக்கச் சொல்பவரின் கதையே மற்றவர்களின் நினைவிலும் ஏறிவிடும். செருப்பு யாருடையது என்ற வழக்கு தீராமல் போனாலும், அம்மா அன்று என்ன சொன்னார், அப்பா எங்கே நின்றார் என்பவற்றை ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்திலிருந்து பார்த்திருப்பது தெரியவரும். தம்பியிடமிருந்து செருப்பைப் பறிக்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். அந்தப் பயணத்தில் தானும் இருந்ததாக உணர அவரிடம் இருப்பது அது ஒன்றுதான்.

கேள்வி: திட்டமிட்டபடி எல்லாம் நடந்த பயணங்களைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. வண்டி பழுதாகி, மழையில் நனைந்து, ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்து, குழந்தைக்குக் காய்ச்சலும் வந்த அந்த ஒரு பயணத்தைத்தான் விழுந்து விழுந்து சிரித்துப் பேசுகிறோம். அன்று எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருந்தோம் என்பதே உண்மை. இது என்ன விந்தை?

பதில்: விந்தைதான், ஆனால் பரவலான விந்தை. 1997-இல் டெரன்ஸ் மிட்செல் என்பவரும் உடன் ஆய்வாளர்களும், பயணம் செல்பவர்களிடம் புறப்படுவதற்கு முன்பும், பயணத்தின் நடுவிலும், திரும்பி வந்த பின்பும் கேள்விகள் கேட்டுப் பதிந்தார்கள். அவற்றுள் ஒன்று, கலிஃபோர்னியாவில் மூன்று வாரம் நடந்த சைக்கிள் பயணம். புறப்படும் முன் இருந்த எதிர்பார்ப்பும், திரும்பிய பின் இருந்த நினைவும் இனிமையாக இருந்தன. நடுவில், சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் சலிப்பும் ஏமாற்றமும். ஊர் திரும்பிய சில நாட்களிலேயே அந்தச் சலிப்பு நினைவிலிருந்து கரையத் தொடங்கிவிட்டது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1993-இல் டேனியல் கானமனும் அவருடைய குழுவினரும் சிலரைக் குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொன்னார்கள். ஒரு முறை, 14 டிகிரி நீரில் 60 விநாடி. இன்னொரு முறை, அதே 60 விநாடியோடு மேலும் 30 விநாடி. அந்தக் கூடுதல் நேரத்தில் நீரின் வெப்பம் மெதுவாக 15 டிகிரிக்கு உயர்த்தப்பட்டது. மொத்த வேதனையைக் கணக்கிட்டால் இரண்டாவதே அதிகம். ஆனால் எதை மீண்டும் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். ஓர் அனுபவத்தின் நீளத்தை மனம் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை; அதன் உச்சத்தையும் முடிவையுமே பிடித்து வைத்துக்கொள்கிறது. உங்கள் பயணத்தில் உச்சத்திற்குக் குறைவே இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் தணிந்து எல்லோரும் நலமாக வீடு சேர்ந்ததுதான் அதன் முடிவு. முடிவு வேறு விதமாக இருந்திருந்தால் இன்று சிரித்திருக்க மாட்டீர்கள்.

பயணம் திட்டமிடுவோருக்கு இதில் பயனுள்ள செய்தி ஒன்று இருக்கிறது. கடைசி நாளை மூட்டை கட்டுவதிலும் ஓட்டமும் நடையுமாக வண்டியைப் பிடிப்பதிலும் தொலைத்துவிடாதீர்கள். ஓர் இடத்தைக் குறைத்துக்கொண்டாவது, கடைசி மாலையை எல்லோரும் சேர்ந்து சும்மா உட்கார்ந்திருக்க ஒதுக்குங்கள்.

கேள்வி: எங்கே போனாலும் என் மகன் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறான். எதையும் கண்ணால் பார்ப்பதே இல்லை என்று நான் கடிந்துகொண்டால், உங்களுக்காகத்தான் எடுக்கிறேன் என்கிறான். யார் பக்கம் நியாயம்?

பதில்: பாதி உங்கள் பக்கம். லிண்டா ஹென்கெல் என்ற ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தைச் சுற்றி வந்தவர்கள், வெறுமனே பார்த்த பொருட்களைவிடப் படம் எடுத்த பொருட்களைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பொருளின் ஒரு பகுதியை நெருங்கிப் பெரிதாக்கிப் படம் எடுத்தபோது அந்தக் குறை ஏற்படவில்லை. எதை எடுப்பது என்று கண் தேட வேண்டியிருந்ததால் மனமும் கூடவே வேலை செய்தது. ஆகவே மகனிடம் படம் எடுக்காதே என்று சொல்வதைவிட, ஓர் இடத்திற்கு ஒரு படம் போதும், அது அப்பாவின் கையோ அம்மாவின் சிரிப்போ ஆக இருக்கட்டும் என்று சொல்லுங்கள். மலையும் அருவியும் ஆயிரம் பேரின் படங்களில் இருக்கின்றன.

கேள்வி: எனக்கு 70 வயது; அவருக்கு 76. திருமணமான புதிதில் நாங்கள் இருவரும் முதன்முதலாகச் சென்ற பயணத்தைப் பற்றிப் பேத்தி கேட்டாள். எனக்கு ஊரும் அறையும் நினைவில் இருந்தன, ஆட்களின் பெயர் இல்லை. அவருக்குப் பெயர்கள் நினைவில் இருந்தன, வரிசை இல்லை. இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லி ஒரு மணி நேரத்தில் முழுக்கதையும் வந்துவிட்டது. ‘தாத்தாவும் பாட்டியும் சேர்ந்தால்தான் ஓர் ஆள்’ என்று சொல்லிப் பேத்தி சிரித்தாள். எனக்கோ உள்ளூரப் பயமாக இருந்தது. இது மறதி நோயின் தொடக்கமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பதில் எழுதுவதற்காக, இரண்டாம் முறை மகிழ்ச்சிக்காக. பேத்தி சொன்னது வேடிக்கைப் பேச்சாகத் தோன்றினாலும், அதுவே ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டறிந்த ஒன்று.

நெருங்கி வாழும் இருவர், தெரியாமலேயே நினைவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்ற கருத்தை டேனியல் வெக்னர் 1985-இல் முன்வைத்தார். உறவினரின் பிறந்த நாள் அவளுக்குத் தெரியும், காப்பீட்டுத் தாள் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும். ஆகவே மற்றவர் அதைச் சுமக்க வேண்டியதில்லை. யாரிடம் எது இருக்கிறது என்று மட்டும் இருவருக்கும் தெரிந்திருந்தால் போதும். இதைப் பின்பற்றி ஆஸ்திரேலியாவில் சீலியா ஹாரிஸும் உடன் ஆய்வாளர்களும், நெடுங்காலம் மணவாழ்க்கை நடத்திய 12 முதிய தம்பதியரைத் தனித்தனியாகவும் சேர்த்தும் பேசவைத்துப் பதிவு செய்து, 2011-இல் அதை வெளியிட்டார்கள்.

அதில் ஒரு தம்பதி, ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்கு முன் தேனிலவுக்குச் சென்றபோது பார்த்த ஓர் இசை நாடகத்தின் பெயரைத் தேடுகிறார்கள். அந்த அம்மையாருக்கு வரவில்லை, கணவரைக் கேட்கிறார். அவருக்கும் வரவில்லை, இசை நாடகமா, வேறா என்று தடுமாறுகிறார். அப்போது அம்மையார், அதில் நடித்தவரின் பெயரை மட்டும் சொல்கிறார். மறுகணமே கணவரின் வாயில் நாடகத்தின் பெயர் வந்துவிடுகிறது. அதேதான் என்கிறார் அம்மையார். தனியே கேட்டிருந்தால் இருவருமே தெரியாது என்றிருப்பார்கள். இருவர் சேர்ந்து உட்கார்ந்ததால் மட்டுமே அந்தப் பெயர் மீண்டது. உங்கள் வீட்டில் அன்று நடந்ததும் இதுவே.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. எல்லாத் தம்பதியருக்கும் இது வாய்க்கவில்லை. சிலர் சேர்ந்து பேசும்போது தனியே நினைவுகூர்ந்ததைவிடக் குறைவாகவே சொன்னார்கள். வேறுபாடு அவர்கள் பேசிய முறையில் இருந்தது. ஒருவர் சொன்னதை மற்றவர் திரும்பச் சொல்லி ஏற்றுக்கொண்டு, அடுத்த நுனியை எடுத்துக் கொடுத்த இடங்களில் நினைவு வளர்ந்தது. ‘அப்படி இல்லை, உனக்கு ஒன்றும் தெரியாது’ என்று திருத்திக்கொண்டே இருந்த இடங்களில் அது சுருங்கிப்போனது. ஒரு மணி நேரம் மாற்றி மாற்றிப் பேசி முழுக்கதையையும் மீட்டிருக்கிறீர்கள் என்றால், எத்தனை ஆண்டுகள் நீங்கள் ஒருவரையொருவர் பேசவிட்டுக் கேட்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

உங்கள் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. பெயர் உடனே நாவில் வராமல் பிறகு வருவது வயதானால் எல்லோருக்கும் நேர்வது. கேட்ட கேள்வியையே சற்று நேரத்தில் மீண்டும் மீண்டும் கேட்பது, பழகிய பாதையில் வழி தெரியாமல் நிற்பது, நாள்தோறும் செய்துவந்த வேலையின் படிகள் குழம்புவது, அண்மையில் நடந்த முக்கியமான நிகழ்ச்சி அடியோடு மறந்துபோவது ஆகியவற்றில் எதையேனும் கண்டால் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். தம்பதியர் இருவரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வதால், ஒருவரின் குறை வெளியே தெரியாமல் மறைந்திருப்பதும் உண்டு. எனவே மருத்துவரைப் பார்க்கும்போது, யாருக்காகச் செல்கிறீர்களோ அவரைத் தனியே பேசவிடுவது நல்லது. எடுத்துக்கொடுக்கத் துடிக்கும் நாவைச் சற்று அடக்கிக்கொள்ளுங்கள்.

பேத்தியிடம் ஒரு வேலையும் கொடுக்கலாம். அடுத்த முறை நீங்கள் இருவரும் பேசும்போது கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கதை எழுத்தில் வந்துவிட்டால் போதாது. நீங்கள் தயங்கும் இடத்தில் தாத்தா எடுத்துக் கொடுக்கும் அந்த ஓசை அவளுக்கு வேண்டும்.

கேள்வி: 64 வயதான எனக்கு, வெளியூர் போயிருந்த மனைவி வீடு திரும்பும் நாளில் காலையிலிருந்தே மனம் நிலைகொள்வதில்லை. வாசலுக்கும் அறைக்கும் நடக்கிறேன். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். இந்த வயதில் இது இயல்புதானா?

பதில்: நடங்கள் ஐயா, உடலுக்கும் நல்லது. பியான்கா அசெவெடோ, ஆர்தர் ஆரன் முதலிய ஆய்வாளர்கள், சராசரியாக 21 ஆண்டுகள் மணவாழ்க்கை நடத்தியும் இன்னும் தீவிரமாகக் காதலிப்பதாகச் சொன்ன 17 பேரிடம் அவரவர் துணையின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். புதுக் காதலர்களின் மூளையில் கிளர்ந்தெழும், டோபமைன் என்ற வேதிப்பொருள் மிகுந்த அதே பகுதி இவர்களிடமும் கிளர்ந்தது. தேடித் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரிடம் கண்டது என்பதால் எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இது நிகழக்கூடியதே என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. உங்கள் நண்பர்களில் எத்தனை பேர் கேலி செய்கிறார்கள், எத்தனை பேர் பொறாமைப்படுகிறார்கள் என்று ஒருமுறை கவனியுங்கள். மனைவிக்கு இது தெரியுமா? தெரியாதென்றால் இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள்.

கேள்வி: நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்து வாழ்கிறோம். நாள் தவறாமல் ஏதாவது ஒன்றுக்குச் சண்டை. பயணத்தில் ஜன்னல் ஓர இருக்கைக்குச் சண்டை, படத்தில் அவர் என் அருகில் நிற்காமல் தள்ளி நின்றதற்குச் சண்டை. பேரப்பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வயதுக்கேற்ற அமைதி எங்களுக்கு வராதா?

பதில்: படத்தில் தள்ளி நின்றதற்காகக் கோபப்படும் அளவுக்கு அவர் அருகில் நிற்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருக்கிறது, இதைவிட்டுவிட்டு எந்த அமைதியைத் தேடுகிறீர்கள்?

திருக்குறளின் 133 அதிகாரங்களில் கடைசி மூன்றுமே காதலர்களின் இந்தச் செல்லச் சண்டைக்காக ஒதுக்கப்பட்டவை. அறத்தையும் அரசியலையும் பேசி முடித்த நூல், சிணுங்கலும் சமாதானமுமாகத்தான் நிறைவு பெறுகிறது. அதில் ஒரு காட்சி. அவள் கோபத்தில் பேசாமல் இருக்கிறாள். அவன் வேண்டுமென்றே தும்முகிறான், தும்மினால் அவள் வாயிலிருந்து ‘நீடு வாழ்க’ என்ற வாழ்த்து வந்துதானே ஆக வேண்டும்! இன்னொரு குறளில் அவன் இயல்பாகத் தும்மிவிட, அவள் வாழ்த்திவிட்டு, உடனே எவள் நினைத்ததால் இந்தத் தும்மல் என்று கேட்டு அழுகிறாள். சரி, வம்பே வேண்டாம் என்று அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிக்கொள்ள, உம்மை நினைப்பவரை என்னிடமிருந்து மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகிறாள். இந்த இருவரும் உங்கள் வீட்டில் ஜன்னல் ஓர இருக்கைக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அளவை மட்டும் மறக்க வேண்டாம்; உணவில் உப்பைப் போல இருக்க வேண்டிய ஊடல், சற்று நீண்டாலும் உப்பு மிகுந்ததாகிவிடும் என்றும் அதே நூல் எச்சரிக்கிறது.

அமைதி வருமா என்று கேட்டீர்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ராபர்ட் லெவென்சனின் குழுவினர், நடுத்தர வயதிலும் முதுமையிலும் இருந்த 87 தம்பதியர் பேசிக்கொள்வதை 13 ஆண்டுக் காலத்தில் அவ்வப்போது படம்பிடித்து ஆராய்ந்தார்கள். 2018-இல் வெளியான அதன் முடிவின்படி, வயது ஏற ஏறக் குற்றம் சாட்டும் பேச்சும் தற்காப்புப் பேச்சும் குறைந்தன. வேடிக்கையும் பரிவும் கூடின. சண்டைக்கான பொருள் தீர்ந்துவிட்டதால் அன்று. அதே பொருளைச் சிரித்துக்கொண்டே எடுக்கப் பழகிவிட்டதால் என்று நான் நினைக்கிறேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்றால் நீங்கள் ஏற்கெனவே அந்தக் கட்டத்திற்கு வந்துவிட்டீர்கள். உண்மையான வெறுப்பு நிறைந்த வீட்டில் குழந்தைகள் சிரிப்பதில்லை, அறையைவிட்டு நழுவிவிடுவார்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் இருவரும் நிறையப் பயணம் செய்கிறோம். நல்ல விடுதி, நல்ல ஓய்வு, எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் திரும்பி வந்தால் பேச ஒன்றும் இருப்பதில்லை. பிள்ளைகளோடு பணத் தட்டுப்பாட்டில் சென்ற பயணங்களில் இருந்த ஏதோ ஒன்று இப்போது இல்லை. அது என்ன?

பதில்: இருவரும் சேர்ந்து எதையும் சமாளிக்க வேண்டியிருக்கவில்லை, அதுதான் குறை. ஆர்தர் ஆரனும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். தம்பதியரைத் தரைவிரிப்பின் மேல் மண்டியிடச் செய்து, ஒருவரின் மணிக்கட்டையும் கணுக்காலையும் மற்றவருடையவற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அந்த நிலையில் இருவரும் தவழ்ந்தபடியே நடுவில் இருந்த தடுப்பைத் தாண்டிச் சென்று திரும்ப வேண்டும். அதே நேரம் ஓர் உருளைத் தலையணையைக் கையால் தொடாமல், பல்லால் கவ்வாமல், இருவர் உடலுக்கும் இடையே விழாமல் பிடித்திருக்கவும் வேண்டும். குறித்த நேரத்திற்குள் முடிக்க வேண்டும் என்பதால் இருவரும் தடுமாறி, சிரித்து, மறுபடி முயன்றார்கள். மொத்தமே 7 நிமிடம். வேறு சிலருக்குப் பந்தை மெதுவாக உருட்டும் அலுப்பான வேலை தரப்பட்டது. முன்னும் பின்னும் கேட்ட கேள்விகளுக்கு வந்த பதில்களை ஒப்பிட்டால், தலையணையோடு தவழ்ந்தவர்களிடமே உறவைப் பற்றிய நிறைவு கூடியிருந்தது.

முழங்கால் வலியுள்ளவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். கருத்து இதுதான்: இருவருக்குமே புதியதாக, இருவருக்குமே சற்றுக் கடினமானதாக, ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடிக்க முடியாததாக ஒன்று பயணத்தில் இருக்க வேண்டும். வழிகாட்டி இல்லாமல் ஒரு தெருவைக் கண்டுபிடிப்பது, மொழி தெரியாத இடத்தில் சைகையால் பேசி ஒரு பொருளை வாங்குவது, இருவருமே இதுவரை தொடாத ஒரு கைத்தொழிலை அரை நாள் கற்றுக்கொள்வது என்று எதுவாகவும் இருக்கலாம். ஒருவர் ஏற்கெனவே கற்றுத் தேர்ந்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே ஒருவர் ஆசிரியராகவும் மற்றவர் மாணவராகவும் ஆகிவிடுவீர்கள். பிள்ளைகளோடு போன நாட்களில் தொலைந்த பையைத் தேடுவதும், வண்டி வராத இடத்தில் விழிப்பதும், கையிருப்பை எண்ணிப் பார்த்து முடிவெடுப்பதும் நீங்கள் கேட்காமலேயே இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன.

கேள்வி: எனக்கு 71 வயது. மனைவி மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு ஒரு குழுவோடு சுற்றுலா சென்றபோது, கணவரை இழந்த ஒரு பெண்மணியோடு நட்பு ஏற்பட்டது. இப்போது நாள்தோறும் பேசுகிறோம். மகனும் மகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ‘அம்மாவை மறந்துவிட்டீர்களா’ என்று மகள் கேட்டாள். அன்று இரவு முழுவதும் உறங்கவில்லை. நான் செய்வது துரோகமா?

பதில்: துரோகம் இல்லை. இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

ஆங்கிலக் கவிஞர் தாமஸ் ஹார்டியின் வாழ்க்கையில் நடந்ததை உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. கட்டடக் கலைஞராக இருந்த இளமையில், 1870-இல், ஒரு தேவாலயத்தைப் பார்வையிடக் கார்ன்வால் கடலோரத்துக்குச் சென்ற இடத்தில் அவர் எம்மாவைச் சந்தித்தார். நான்கு ஆண்டுகள் கழித்துத் திருமணம் நடந்தது. பிற்காலத்தில் இருவரும் மனத்தளவில் விலகியே வாழ்ந்தார்கள். 1912 நவம்பரில் எம்மா இறந்தார். அடுத்த மார்ச் மாதம், 72 வயதான ஹார்டி, முதன்முதலில் சந்தித்த அந்தக் கடலோரத்துக்கே மீண்டும் பயணம் செய்தார். அப்போதும் அதையொட்டியும் மறைந்த மனைவியை எண்ணி அவர் எழுதிய கவிதைகளே அவருடைய மிகச் சிறந்த கவிதைகள் என்று பலர் கருதுகிறார்கள். 1914 பிப்ரவரியில் அவர் ஃபுளோரன்ஸ் டக்டேலை மணந்தார். ஒரே மனிதர், ஏறக்குறைய ஒரே காலத்தில், இறந்தவரை நினைத்து உருகவும் செய்தார், இருப்பவரோடு வாழவும் செய்தார். ஒன்று வந்தால் மற்றொன்று வெளியேற வேண்டும் என்ற கட்டாயம் மனத்துக்கு இல்லை.

அந்தக் கவிதைகள் ஃபுளோரன்ஸின் மனத்தைப் புண்படுத்தின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே அந்தப் பெண்மணியிடம் உங்கள் மனைவியைப் பற்றி மறைக்காமல் பேசுங்கள், அவருடைய கணவரைப் பற்றியும் கேளுங்கள். ஆனால் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டது உங்களைப் பற்றியதாகத் தோன்றினாலும், அது அவருடைய துக்கம். அம்மாவின் இடம் காலியாக இருக்கும்வரை அம்மா எங்கோ இருப்பதாக அவர் மனம் நம்பிக்கொண்டிருக்கலாம். வாதம் செய்யாமல், அம்மாவோடு நீங்கள் எல்லோரும் சென்ற பயணங்களின் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு அவரோடு ஒரு மாலை உட்காருங்கள். நீங்கள் எதை மறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியட்டும். மகனுக்கு ஒருவேளை சொத்தைப் பற்றிய கவலை இருக்கலாம். அதை இழிவாக எண்ணாமல் வெளிப்படையாகப் பேசி, வேண்டுமானால் வழக்கறிஞரைக் கொண்டு எழுத்தில் வைத்துவிடுங்கள். பேசப்படாத பணக் கவலை, வேறு பெயர்களில் வந்து சண்டை போடும்.

திருமணமும் ஒரே வீடும்தான் வழி என்று எண்ண வேண்டாம். சுவீடன் போன்ற நாடுகளில், முதுமையில் துணை தேடிக்கொள்ளும் பலர் அவரவர் வீட்டிலேயே இருந்துகொண்டு உறவைத் தொடர்கிறார்கள். குறிப்பாகப் பெண்கள் இதை விரும்புவதாக அங்கு செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டின, ஏனென்றால் பல ஆண்டுகள் வீட்டுப் பொறுப்பைச் சுமந்த பிறகு மீண்டும் ஒரு வீட்டைச் சுமக்க அவர்களுக்கு விருப்பமில்லை. அந்தப் பெண்மணிக்கு எது விருப்பம் என்று நீங்கள் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் மகனின் கருத்தும் மகளின் கருத்தும் இருக்கின்றன. அவருடைய கருத்தைத்தான் காணவில்லை. முதலில் அதைக் கேட்டறியுங்கள்.

எஞ்சிய காலம் குறைவு என்று உணரும் மனிதர்கள், புதிய அறிமுகங்களைப் பெருக்குவதை விட்டுவிட்டு மனத்துக்கு நிறைவு தரும் சிலரையே நாடுகிறார்கள் என்பது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் நெடுங்காலமாக எடுத்துரைத்துவரும் கருத்து. நீங்கள் அவரோடு நாள்தோறும் பேசுவதை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

கேள்வி: பேரப்பிள்ளைகளுக்குப் பயணக் கதைகள் சொன்னால் காதில் வாங்குவதில்லை. ‘மறுபடியும் அதே கதையா’ என்கிறார்கள். சொல்வதை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், கதையை மாற்றுங்கள். எந்த ஆண்டு எந்த ஊருக்குப் போனோம் என்ற பட்டியலில் பிள்ளைகளுக்கு ஆர்வம் இருக்காது. யார் பயந்தார், யார் பொய் சொல்லி மாட்டிக்கொண்டார், யார் யாரை ஓரக்கண்ணால் பார்த்தார் என்று சொல்லிப் பாருங்கள்.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக்கும் ரோபின் ஃபைவுஷும், குடும்பத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும் என்று அறிய 20 கேள்விகளை உருவாக்கி, 2001-இல் பல குடும்பங்களில் கேட்டுப் பார்த்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், உனக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தார்கள் என்பன போன்ற எளிய கேள்விகள்தாம். அதிகம் தெரிந்திருந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும், வாழ்க்கை தம் கையில் இருக்கிறது என்ற உணர்வும் அதிகமாக இருந்தன. விடைகளை மனப்பாடம் செய்துகொடுத்தால் இது வந்துவிடாது என்றும், குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து பேசும் பழக்கத்திலிருந்தே வருகிறது என்றும் டியூக் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அந்த 20 கேள்விகளில் ஒன்று, உன் பெற்றோர் எப்படிச் சந்தித்துக்கொண்டார்கள் என்பது. அதையே ஒரு தலைமுறை மேலே ஏற்றி, தாத்தா பாட்டியின் கதையாகச் சொல்லத் தொடங்குங்கள். இருவரும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். முதலில் பார்த்தது யார் என்பதில் கருத்து வேறுபாடு வந்தால், தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைப் பேரப்பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.